ஆராய்ச்சிப் படிப்பின் வாசல்: எழுதிய விதியும் எழுதாத விதியும்

முதுகலைத் தேர்வு முடிவுகள் வந்து, முனைவர் பட்டத்துக்கான அறிவிப்புகள் ஒவ்வொன்றாக வெளியாகும் காலம் இது. இந்தப் பத்தியை வாசிக்கும் ஒரு மாணவி அண்மையில் நம்மிடம் ஒரு செய்தி சொன்னார். கூலி வேலை செய்யும் பெற்றோரின் மகள். குடும்பத்தில் முதல் பட்டதாரி. வரலாற்றில் முதுகலை முடித்திருக்கிறார், மதிப்பெண் 53.4 விழுக்காடு. இரண்டு பேருந்து மாறி ஒரு கல்வி நிறுவனத்துக்குப் போய் விண்ணப்பம் கேட்டிருக்கிறார். அலுவலகச் சாளரத்துக்குள் இருந்தவர் மதிப்பெண் பட்டியலை வாங்கிப் பார்த்துவிட்டு, "ஐம்பத்தைந்து வேணும்மா, உனக்கு இல்ல" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். மாணவியும் திரும்பி வந்துவிட்டார். சாதிச் சான்றிதழ் பையிலேயே இருந்தது. அதை எடுத்துக் காட்டச் சொல்லி அவர் கேட்கவில்லை. காட்டலாம் என்று இவருக்கும் தெரியவில்லை.

அந்த மாணவிக்குத் தகுதி இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழு 2022 நவம்பர் 7 அன்று வெளியிட்ட முனைவர் பட்ட நெறிமுறைகள் அதைத் தெளிவாகவே சொல்கின்றன. முதுகலையில் 55 விழுக்காடு என்பது பொது விதி. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், வளமான பிரிவில் வராத பிற்படுத்தப்பட்டோர், மாற்றுத்திறனாளிகள், பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினர் ஆகியோருக்கு அதில் 5 விழுக்காடு தளர்வு உண்டு. ஆகவே அவருக்குத் தேவைப்படுவது 50. அவரிடம் இருப்பது அதற்கும் மேல். சாளரத்துக்குள் இருந்தவருக்கு விதி தெரியாதிருக்கலாம், தெரிந்தும் சொல்லாதிருக்கலாம். இரண்டில் எதுவானாலும் மாணவிக்கு நேர்ந்த இழப்பு ஒன்றுதான். ஒரு வருடம் போய்விடும். நம் ஊர்களில் ஒரு வருடம் போவது என்றால், வீட்டில் கல்யாணப் பேச்சு தொடங்கிவிடும். அல்லது திருப்பூருக்கோ ஓசூருக்கோ வேலைக்குப் போகும் பேச்சு தொடங்கிவிடும்.

அதனால்தான் இன்று இந்தப் பத்தியில், ஆராய்ச்சிப் படிப்பில் சேரத் தேவையான தகுதி என்ன, அது எங்கே எழுதியிருக்கிறது, எழுதாமல் எங்கே ஒளிந்திருக்கிறது என்று பேசுகிறோம்.

எழுதிய விதி

முனைவர் பட்டத்தில் சேர இன்று இரண்டு பாதைகள் உண்டு. மூன்றாண்டு இளங்கலையும் இரண்டாண்டு முதுகலையும் முடித்தவர்களுக்கு மேலே சொன்ன 55 அல்லது 50 விழுக்காடு. நான்காண்டு இளங்கலை முடித்தவர்கள் முதுகலை படிக்காமலேயே நேரடியாகச் சேரலாம். அதற்கு 75 விழுக்காடு வேண்டும், நம் பிள்ளைகளுக்கு 70. முன்பு முதுகலைக்கும் முனைவர் பட்டத்துக்கும் நடுவே எம்.ஃபில். என்று ஒரு படிப்பு இருந்தது. அதை இனி நடத்தக் கூடாது என்று 2022 நெறிமுறைகள் சொல்லிவிட்டன.

எம்.ஃபில். போனதால் என்ன நட்டம் என்று நகரத்தில் இருப்பவர்கள் கேட்கலாம். கிராமத்துக் கல்லூரியில் தமிழ் வழியில் படித்துவிட்டு வந்த பிள்ளைக்கு, ஆய்வுக் கேள்வியை எப்படி அமைப்பது, தரவு எப்படித் திரட்டுவது, அடிக்குறிப்பு எப்படிப் போடுவது என்பதை முதலில் கற்றுத் தந்த இடம் அதுதான். ஒரு பேராசிரியரிடம் ஓராண்டு பழகி, "இந்தப் பெண் வேலை செய்வாள்" என்ற நம்பிக்கையைப் பெற்ற இடமும் அதுதான். இப்போது அந்தப் படியை எடுத்துவிட்டு, அதே உயரத்தை ஒரே தாவலில் தாண்டச் சொல்கிறார்கள்.

அடுத்தது தேர்வு. 2024 ஜூன் முதல், முனைவர் பட்டச் சேர்க்கைக்கும் நெட் தேர்வு மதிப்பெண்ணைப் பயன்படுத்தலாம் என்று மானியக் குழு சொல்லியிருக்கிறது. அந்தத் தேர்வில் இப்போது மூன்று வகைத் தகுதிகள் உண்டு. ஜே.ஆர்.எஃப். உதவித்தொகையும் உதவிப் பேராசிரியர் தகுதியும் முனைவர் பட்டச் சேர்க்கையும் ஒருசேரக் கிடைப்பது முதல் வகை. உதவிப் பேராசிரியர் தகுதியும் முனைவர் பட்டச் சேர்க்கையும் மட்டும் கிடைப்பது இரண்டாம் வகை. முனைவர் பட்டச் சேர்க்கைக்கு மட்டும் தகுதி பெறுவது மூன்றாம் வகை. பின்னிரண்டு வகையினரின் மதிப்பெண், சேர்க்கைக்கு ஓராண்டுக்குத்தான் செல்லும். பல்கலைக்கழகம் தானே நுழைவுத் தேர்வு நடத்தினால், அதில் பாதி ஆராய்ச்சி முறையியல், பாதி பாடம். தேர்ச்சிக்கு 50 விழுக்காடு, நமக்கு 45. அதன் பிறகு எழுத்துத் தேர்வுக்கு 70, நேர்முகத் தேர்வுக்கு 30 என்று கூட்டித் தரவரிசை போடுவார்கள்.

நெட் தேர்வுக்குப் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கான கட்டணம் 325 ரூபாய். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. இவை நல்ல செய்திகள். ஆனால் அதே தேர்வில் ஒரு பெரிய அநீதி இருக்கிறது. மொழிப் பாடங்கள் நீங்கலாக மற்ற எல்லாப் பாடங்களின் வினாத்தாளும் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வரும். தமிழ் இலக்கியம் படித்தவர்கூட, எல்லோருக்கும் பொதுவான முதல் தாளை இந்த இரண்டு மொழிகளில் ஒன்றில்தான் எழுத வேண்டும். உத்தரப் பிரதேசத்தில் இந்தி வழியில் வரலாறு படித்த மாணவர் தன் மொழியில் கேள்வியைப் படிக்கிறார். இங்கே தமிழ் வழியில் வரலாறு படித்த மாணவி வேற்று மொழியில் படிக்கிறார். பிறகு இருவருக்கும் ஒரே தரவரிசை. தமிழ் வழியில் படிப்பவர்களில் பெரும்பாலோர் யார் வீட்டுப் பிள்ளைகள் என்று நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மொழி உரிமை பேசும் கட்சிகள் எல்லாம் இந்த ஒன்றைக் கையில் எடுத்தால், அது சமூக நீதியும் ஆகும்.

எழுதாத விதி

மதிப்பெண் இருக்கிறது, தேர்விலும் தேறியாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதன் பிறகு வருகிறது எந்த அறிவிப்பிலும் இல்லாத மூன்றாவது தகுதி: நெறியாளர் கிடைக்க வேண்டும்.

ஒரு பேராசிரியர் 8 பேருக்கும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும் நெறியாளராக இருக்கலாம் என்பது விதி. ஆனால் யாரிடம் எத்தனை இடம் காலியாக இருக்கிறது என்பது வெளியில் நிற்கும் மாணவருக்குத் தெரியாது. "என்னிடம் இடம் இல்லை" என்ற ஒரு சொல்லில் கதவு மூடிவிடும். அதே வாரத்தில் வேறொருவருக்கு அங்கேயே இடம் கிடைத்த கதையை நம் பகுதி மாணவர்கள் பலர் சொல்லக் கேட்டிருக்கிறோம். எந்த ஊர், அப்பா என்ன செய்கிறார், எந்தத் தெரு என்ற விசாரிப்புக்குப் பிறகு வரும் "இடம் இல்லை" எதைக் குறிக்கிறது என்பது கேட்டவருக்கும் தெரியும், சொன்னவருக்கும் தெரியும்.

நேர்முகத் தேர்வும் இப்படித்தான். ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகம் தானே நியமித்த பேராசிரியர் அப்துல் நஃபே குழு, ஒடுக்கப்பட்ட பிரிவு மாணவர்களுக்கு எழுத்துத் தேர்வில் கிடைக்கும் மதிப்பெண்ணுக்கும் நேர்முகத்தில் கிடைக்கும் மதிப்பெண்ணுக்கும் இருக்கும் இடைவெளியை 2016-ல் ஆராய்ந்தது. பாகுபாடு இருப்பதற்கான அறிகுறியைச் சுட்டிக்காட்டி, நேர்முகத்தின் எடையை 30-லிருந்து 15 ஆகக் குறைக்கலாம் என்றது. நடந்தது நேர்மாறு. அதே 2016-ல் வந்த மானியக் குழு விதியால் எழுத்துத் தேர்வு வெறும் தகுதித் தேர்வாகி, நேர்முகமே எல்லாவற்றையும் முடிவு செய்யும் நிலை வந்தது. சேலத்திலிருந்து போய் அங்கே ஆய்வு மாணவராக இருந்த முத்துகிருஷ்ணன், சேர்க்கையில் சமத்துவம் மறுக்கப்படுகிறது என்று எழுதிய சில நாட்களில், 2017 மார்ச் 13 அன்று நம்மைப் பிரிந்தார். அதற்கு ஓராண்டு முன்பு ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் ரோகித் வெமுலாவை இழந்தோம். நீண்ட போராட்டத்துக்கும் நீதிமன்ற வழக்குக்கும் பிறகுதான் 70-க்கு 30 என்ற கணக்கு வந்தது. இன்றைக்கும் ஜே.ஆர்.எஃப். பெற்றவர்களுக்கு நேர்முகத்தை வைத்தே சேர்க்கை நடக்கிறது.

இவற்றின் விளைவை ஓர் எண் காட்டும். ஒன்றிய அரசின் கல்வி நிறுவனங்களில் பட்டியல் சாதியினருக்கு 15 விழுக்காடும் பழங்குடியினருக்கு 7.5 விழுக்காடும் இடஒதுக்கீடு என்பது 2006-ஆம் ஆண்டுச் சட்டம். ஆனால் 2015 முதல் 2019 வரை ஐ.ஐ.டி.களில் முனைவர் பட்டத்துக்குச் சேர்க்கப்பட்டவர்களில் பட்டியல் சாதியினர் 9.1 விழுக்காடு, பழங்குடியினர் 2.1 விழுக்காடு. இது அரசே தந்த கணக்கு. "தகுதியானவர்கள் கிடைக்கவில்லை" என்ற பழைய பாட்டை இதற்கும் பாடுவார்கள். தகுதியானவரைச் சாளரத்திலேயே திருப்பி அனுப்பிவிட்டு, கிடைக்கவில்லை என்று சொல்வது எந்த வகை நியாயம்?

இங்கே இன்னொன்றையும் பார்க்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து இந்தியாவுக்கு ஆய்வு செய்ய வரும் மாணவர்களுக்கு, ஒவ்வொரு நெறியாளரும் தமக்குரிய எண்ணிக்கைக்கு மேலே 2 பேரைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளலாம் என்கிறது 2022 நெறிமுறை. அவர்களுக்கான சேர்க்கை முறையைப் பல்கலைக்கழகமே வகுத்துக்கொள்ளலாம். வருகிறவர்களை நாம் வரவேற்கிறோம். அறிவு எல்லை தாண்டி வரட்டும், போகட்டும். நாம் கேட்பது இதுதான்: கடல் கடந்து வருகிறவருக்குக் கூடுதல் இடம் உருவாக்க முடிகிற சட்டத்தால், பக்கத்துச் சேரியிலிருந்து வருகிறவருக்குச் சென்ற ஆண்டு நிரப்பாமல் விட்ட இடத்தை இந்த ஆண்டு கூடுதலாகத் தர முடியாதா?

கடல் கடக்கும் கனவு

வெளிநாட்டில் ஆராய்ச்சி என்றாலே அது பணக்காரர் வீட்டு விஷயம் என்று நம் பிள்ளைகள் ஒதுங்கிவிடுகிறார்கள். அப்படி ஒதுங்க வேண்டியதில்லை. நமக்கு முன்னால் ஒருவர் போயிருக்கிறார். 1913-ல் பரோடா மன்னர் தந்த உதவித்தொகையோடு அண்ணல் அம்பேத்கர் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனார். 1916-ல் லண்டன் பொருளாதாரக் கல்லூரியில் சேர்ந்தார். அவருடைய கொலம்பியா பேராசிரியர் செலிக்மன் லண்டன் பேராசிரியருக்கு எழுதிய அறிமுகக் கடிதம் அப்போது அவருக்குத் துணையாக இருந்தது. உதவித்தொகைக் காலம் முடிந்து 1917-ல் பாதியில் திரும்ப நேர்ந்தபோது, நான்கு ஆண்டுகளுக்குள் வந்து படிப்பைத் தொடரலாம் என்று லண்டனில் அனுமதி கிடைத்தது. மும்பையில் ஆசிரியர் வேலை பார்த்துச் சேர்த்த பணம், கோலாப்பூர் சாகு மகராஜின் உதவி, நண்பர் நவல் பதேனாவிடம் வாங்கிய கடன் ஆகியவற்றோடு 1920-ல் மீண்டும் கப்பலேறினார். 1923-ல் டி.எஸ்சி. பட்டம் பெற்றார். நல்ல ஆசிரியரின் கடிதம், கைகொடுக்கும் உதவித்தொகை, விட்ட இடத்தில் தொடர அனுமதி. இந்த மூன்றும் சேர்ந்ததால் ஒரு அம்பேத்கர் நமக்குக் கிடைத்தார்.

இன்றும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் கேட்பவை ஏறக்குறைய அவைதான். இங்கிலாந்தில் பெரும்பாலும் நல்ல மதிப்பெண்ணோடு முதுகலை, சில பக்கங்களில் ஆய்வுத் திட்டம், இரண்டு பேராசிரியர்களின் பரிந்துரைக் கடிதம், ஐ.இ.எல்.டி.எஸ். போன்ற ஆங்கிலத் தேர்வில் 6.5 அல்லது 7 ஆகியவற்றைக் கேட்பார்கள். ஜெர்மனியில் முதுகலை முடித்திருக்க வேண்டும். ஒரு பேராசிரியர் நெறியாளராக இருக்க ஒப்புக்கொள்ள வேண்டும். அங்குள்ள அரசுப் பல்கலைக்கழகங்களில் முனைவர் பட்டத்துக்குப் பொதுவாகக் கல்விக் கட்டணம் கிடையாது. சம்பளத்தோடு கூடிய ஆய்வுப் பணியிடங்களும் உண்டு. அமெரிக்காவில் பல துறைகளில் முனைவர் பட்ட மாணவருக்குக் கட்டண விலக்கும், கற்பித்தல் உதவியாளராக வேலை பார்ப்பதற்கான உதவித்தொகையும் கிடைக்கின்றன. விண்ணப்பக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யச் சொல்லி எழுதிக் கேட்டால், பல இடங்களில் தள்ளுபடி செய்வார்கள்.

தடையும் இங்கேதான் தொடங்குகிறது. ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வை ஒருமுறை எழுதவே 17,000 ரூபாய்க்கு மேல் ஆகிறது. மதிப்பெண் இரண்டு ஆண்டுகளுக்குத்தான் செல்லும். அந்தப் பணம் நூறு நாள் வேலை பார்க்கும் ஒரு தாயின் பல மாத வருமானம். கல்லூரியில் ஆங்கில வழியில் படித்தவர்கள், அதற்கான சான்றிதழைக் காட்டினால் இந்தத் தேர்வு இல்லாமலேயே சேர்த்துக்கொள்ளும் பல்கலைக்கழகங்களும் உண்டு. முதலில் அதை விசாரித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

ஒன்றிய அரசின் தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகைத் திட்டம் 1954-55 முதல் நடக்கிறது. ஆண்டுக்கு 125 இடங்கள். அவற்றில் 115 பட்டியல் சாதியினருக்கு. 30 விழுக்காடு பெண்களுக்கு. வயது 35-க்குள், குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். ஆனால் இதற்குக் குறைந்தபட்ச மதிப்பெண் 60 விழுக்காடு. உள்நாட்டில் 50 விழுக்காட்டோடு ஆய்வு செய்யத் தகுதியுள்ள ஒரு தலித் மாணவர், தலித்துகளுக்காகவே ஏற்பட்ட உதவித்தொகைக்கு 60 இல்லாமல் விண்ணப்பிக்க முடியாது. சேரும் பல்கலைக்கழகம் உலகத் தரவரிசையில் முதல் 500-க்குள் இருக்க வேண்டும் என்பது இன்னொரு நிபந்தனை.

எல்லாவற்றையும்விட வேதனை தருவது 2022-ல் சேர்த்த நிபந்தனை. இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியாவைப் பற்றிய சமூக ஆய்வு ஆகிய தலைப்புகளுக்கு இந்த உதவித்தொகை இல்லை. 1916 மே மாதம் கொலம்பியாவில் அம்பேத்கர் படித்த புகழ்பெற்ற கட்டுரை எதைப் பற்றியது? இந்தியாவில் சாதிகள் எப்படித் தோன்றின, எப்படி இயங்குகின்றன என்பதைப் பற்றியது. இன்றைக்கு அதே தலைப்போடு ஒரு மாணவர் விண்ணப்பித்தால், அவருடைய விண்ணப்பம் தள்ளுபடியாகும். எந்த வலியை ஒருவர் பிறந்தது முதல் அறிந்திருக்கிறாரோ, அதை ஆராய மட்டும் அவருக்குப் பணமில்லை என்கிறது அரசு.

தேர்வான பிறகும் நிம்மதியில்லை. 2025-26-க்குத் தேர்வான 106 பேரில் முதலில் 40 பேருக்குத்தான் கடிதம் கொடுத்தார்கள். மற்ற 66 பேருக்கு, நிதி இருந்தால் பார்க்கலாம் என்ற பதில்தான் கிடைத்தது. வெளிநாட்டில் இடம் வாங்கி, விசாவுக்குக் காத்திருக்கும் பிள்ளையின் மனநிலையை யோசித்துப் பாருங்கள்.

மாநில அரசின் அண்ணல் அம்பேத்கர் அயல்நாட்டு உயர்கல்வித் திட்டம் இந்த வகையில் ஆறுதல் தருகிறது. ஆதிதிராவிடர், பழங்குடியினரோடு கிறித்தவ ஆதிதிராவிடர்களும் அதில் வருகிறார்கள். உள்நாட்டில் முழுநேர ஆய்வு செய்யும் நம் மாணவர்களுக்கு மாநில அரசு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் ஊக்கத்தொகை தருகிறது. ஒன்றிய அரசின் பட்டியல் சாதி மாணவர்களுக்கான தேசிய ஆய்வு உதவித்தொகையில் ஆண்டுக்கு 2,000 இடங்கள் உண்டு. 2023 ஜனவரி முதல் மாதத்துக்கு 37,000 ரூபாய், பிறகு 42,000 ரூபாய். நெட் தேர்வின் தரவரிசையை வைத்தே இதற்கு ஆள் எடுக்கிறார்கள். ஆகவே ஜே.ஆர்.எஃப். கிடைக்கவில்லை என்று மனம் தளர வேண்டாம்.

மாணவர்களுக்கு

முதுகலை முதலாண்டிலேயே தொடங்குங்கள். உங்களை நன்றாக அறிந்த இரண்டு ஆசிரியர்களிடம் பரிந்துரைக் கடிதத்துக்காக முன்கூட்டியே பேசி வையுங்கள். எதை ஆராய விரும்புகிறீர்கள் என்பதை ஒரு பக்கத்தில் எழுதி, திருத்தித் திருத்தி வையுங்கள். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் ஆகியவற்றில் உள்ள பெயரும் மதிப்பெண் பட்டியலில் உள்ள பெயரும் எழுத்துப் பிசகாமல் ஒத்திருக்கின்றனவா என்று இப்போதே பாருங்கள். பிழை இருந்தால் இ-சேவை மையத்தில் திருத்தக் காலம் பிடிக்கும். வேலை பார்ப்பவர்கள், பணியிடத்தில் தடையில்லாச் சான்று பெற்றுப் பகுதிநேரமாகவும் ஆய்வு செய்யலாம். பெண்களுக்கு ஆய்வுக் காலத்தில் 2 ஆண்டு கூடுதல் தளர்வும், மகப்பேறு மற்றும் குழந்தை பராமரிப்புக்காக 240 நாள் வரை விடுப்பும் உண்டு. கல்யாணம் ஆனால் ஆய்வு முடிந்தது என்று வீட்டில் சொன்னால் இதைக் காட்டுங்கள்.

யாராவது "உனக்குத் தகுதி இல்லை" என்று வாய்மொழியாகச் சொன்னால், அப்படியே திரும்பி வராதீர்கள். எந்த விதிப்படி என்று எழுதிக் கேளுங்கள். எழுதித் தர மறுத்தால், 10 ரூபாய்க் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பியுங்கள். துறைவாரியாக எத்தனை இடம், எந்த நெறியாளரிடம் எத்தனை பேர் பதிவு செய்திருக்கிறார்கள் என்பதை நிறுவனங்கள் தங்கள் இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்பது விதி. வெளியிடவில்லை என்றால் அதுவே ஒரு விதிமீறல்.

அரசுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும்

நாம் கேட்பவை பெரிய செலவு வைக்கும் கோரிக்கைகள் அல்ல. சேர்க்கை அறிவிப்பின் முதல் பக்கத்திலேயே 55-க்குப் பக்கத்தில் 50 என்றும் அச்சிடுங்கள். எழுத்துத் தேர்வு மதிப்பெண்ணையும் நேர்முக மதிப்பெண்ணையும் தனித்தனியாக வெளியிடுங்கள். நேர்முகக் குழுவில் பட்டியல் சாதி, பழங்குடிப் பேராசிரியர் ஒருவர் கட்டாயம் இருக்கட்டும். நிரப்பாமல் விட்ட இடங்களை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுசெல்லுங்கள். எம்.ஃபில். இருந்த இடத்தில், மாவட்டத்துக்கு ஓர் அரசுக் கல்லூரியிலாவது ஆறு மாத ஆய்வுப் பயிற்சி தொடங்குங்கள். ஆதிதிராவிடர் நல விடுதிகளில் நெட், ஐ.இ.எல்.டி.எஸ். பயிற்சி கொடுத்து, தேர்வுக் கட்டணத்தையும் ஏற்றுக்கொள்ளுங்கள். நெட் வினாத்தாளைத் தமிழிலும் தரச் சொல்லி ஒன்றிய அரசைச் சட்டப்பேரவைத் தீர்மானம் வழியாகக் கேளுங்கள்.

நம் வாழ்க்கையைப் பற்றிய ஆய்வேடுகள் ஏராளமாக வந்துவிட்டன. அவற்றில் பெரும்பாலானவற்றில் நாம் பேட்டி கொடுத்தவர்களாக மட்டுமே இருந்திருக்கிறோம். ஆய்வேட்டின் முகப்பில் நம் பெயர் வர வேண்டும். அப்போதுதான் அடுத்த தலைமுறை மாணவர் நெறியாளரைத் தேடும்போது, எந்தத் தெரு என்று கேட்காத ஒரு அறை அவருக்குக் கிடைக்கும்.

அந்த மாணவி இப்போது நெறிமுறையின் அந்தப் பக்கத்தை நகலெடுத்துக்கொண்டு மறுபடியும் அதே அலுவலகத்துக்குப் போகப்போவதாகச் சொல்லியிருக்கிறார். கடைசித் தேதிக்கு இன்னும் சில நாட்கள் இருக்கின்றன. இதைப் படிக்கும் உங்கள் ஊரிலும் அவரைப் போல ஒருவர் இருக்கலாம். இந்தப் பக்கத்தைக் கத்தரித்து அவர் கையில் கொடுங்கள்.